ஸ்கிரீன் முழுக்கப் பச்சை, டயருக்குள் கம்பி: உங்கள் அலைன்மென்ட் அனுபவங்களைக் கொட்டுங்கள்

நெல்லை_ஸ்விஃப்ட்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டும் டிராக் டேவுக்காக முன்பக்கம் போல்ட் போட்டு கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) 1.75 டிகிரி நெகட்டிவ், அதாவது மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, வைத்திருந்தேன். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் அளவு) மொத்தம் 4 மி.மீ. அவுட், அதாவது முன் ஓரம் வெளியே. வண்டி மூக்கைத் திருப்பச் சொன்னதும் திருப்பியது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுவாரம் ஊருக்குப் போக வேண்டும். வழியில், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் ஒரு அலைன்மென்ட் கடையில் விட்டேன். "கேம்பரைத் தொடாதீங்க, டோவை மட்டும் ஜீரோவுக்குக் கொண்டுவாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கிரீனில் இரண்டு பக்கமும் சிவப்பு, அதாவது கம்பெனி அளவுக்குள் இல்லை. தம்பி மவுஸைப் பிடித்து வண்டிப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினான். வேறு ஏதோ ஒரு காரைத் தேர்ந்தெடுத்தான். பளிச்சென்று எல்லாம் பச்சை. உள்ளே போய்க் கேட்டேன். "மாடலை மாத்துனாத்தான் சார் பச்சை வரும்" என்றான், ரொம்ப சாதாரணமாக. நானும் பிரிண்ட் அவுட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. கேட்டவன் அங்கேயே நின்று இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?

போய்விட்டுத் திரும்பி வரும்போது மேல்மருவத்தூர் பக்கம் பஞ்சர். கடைக்கார அண்ணன் வீலைக் கழற்றி உள்பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் தடவியவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் கடுகளவு ரத்தம். ரப்பர் தேய்ந்து வெளியே வந்த டயர் கம்பி குத்தியிருக்கிறது. "வெளியில பார்த்தா புது டயர் மாதிரி இருக்கு சார், உள்ளே ஒண்ணுமே இல்லையே" என்றார். அந்தப் பக்கமும் அதே கதை. இந்த டயரில்தான் 110-ல் வீட்டுக்காரியையும் பையனையும் வைத்து ஓட்டி வந்திருக்கிறேன்.

கேம்பர் போல்ட்டை அன்றைக்கே கழற்றிவிட்டேன். இனி அந்த வேலையே வேண்டாம்.

கோணல்மானி

போல்ட்டைக் கழற்றியது தப்பு. டயரைத் தின்றது கேம்பர் இல்லை, டோ.

கணக்கைப் பாருங்கள். உங்கள் டயர் 185/65 ஆர்15 என்றால் விட்டம் ஏறக்குறைய 62 செ.மீ. மொத்தம் 4 மி.மீ. அவுட் என்றால் ஒரு சக்கரத்துக்கு 2. 620-க்கு 2 என்பது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 3.2 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். சென்னையிலிருந்து திருநெல்வேலி போய் மேல்மருவத்தூர் வரை திரும்ப 1,150 கி.மீ. என்று வையுங்கள். கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர் அந்த டயரைக் குறுக்காகத் தரதரவென்று இழுத்துப் போயிருக்கிறீர்கள். டிராக்கில் ஏற்கெனவே பாதி தேய்ந்த ரப்பர் வேறு. கேம்பர் செய்தது, அந்தத் தேய்மானத்தை எல்லாம் உள் ஓரத்துக்குத் தள்ளிவிட்டதுதான்.

நான் 2 டிகிரியோடு தினமும் ஆபீஸ் போய் வருகிறேன். டோ ஜீரோ. உள் ஓரம் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன் (உள்பக்கம் வெளிப்பக்கம் என்று குறித்த டயரில் இந்த வேலை நடக்காது).

இன்னொன்று. கேம்பரை மாற்றினால் டோவும் தானாக மாறும். டோ இன் (முன் ஓரம் உள்ளே) ஆகுமா, அவுட் ஆகுமா என்பது ஸ்டீயரிங் ராக் (சக்கரங்களைத் திருப்பும் பல் சட்டம்) சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதனால் போல்ட்டைக் கழற்றிய பிறகு டோ பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் இப்போது இன்னொரு டயர் தேய்ந்துகொண்டிருக்கிறது.

செட்டிப்பாளையம்_வாசி

டோ, கேம்பர் எல்லாம் எனக்கு அப்புறம். எனக்கு மறக்காதது காற்று.

கரி மோட்டார் ஸ்பீட்வேயில் முதல் தடவை. 2.1 கி.மீ. டிராக்தானே, சின்னது என்று நினைத்தேன். சின்னது என்றால் டயருக்கு மூச்சுவிட நேரமில்லை என்று அப்போது தெரியாது. காலையில் 33 பி.எஸ்.ஐ. காற்று அடித்துக்கொண்டு போனேன். நாலாவது சுற்றில் முன்பக்கம் வெண்ணெய் தடவியது மாதிரி வழுக்க ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப வண்டி நேரே போகிறது. நான் இன்னும் திருப்புகிறேன்.

டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் பிட்டுக்கு வந்தால் பக்கத்து வண்டிக்கு வந்திருந்த ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கேட்காமலேயே குனிந்து காற்றழுத்த கேஜை வைத்தார். 40. ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து வெள்ளை ஷூ பாலிஷ் எடுத்து டயர் தோள்பட்டையில், பூவும் (தரையில் படும் வரிப்பள்ளப் பகுதி) பக்கச்சுவரும் சேரும் இடத்தில், மூன்று கோடு இழுத்தார். 34-க்கு இறக்கினார். "ரெண்டு சுத்து போயிட்டு வாங்க தம்பி."

போய் வந்தேன். கோடு பூ ஓரத்திலிருந்து டயர் ஓரத்தில் இருக்கும் முக்கோணக் குறி வரைக்கும் சுத்தமாக அழிந்திருந்தது, அதற்குக் கீழே அப்படியே இருந்தது. "இவ்வளவுதான் மடங்கணும். இதுக்குக் கீழே அழிஞ்சா காத்து பத்தலை, இது வரைக்கும் அழியலைன்னா காத்து ஜாஸ்தி" என்றார். பத்து ரூபாய் பாலிஷ் சொன்னதை எந்த ஸ்கிரீனும் எனக்குச் சொன்னதில்லை.

கூத்து அதற்கப்புறம். சாயங்காலம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி கல்யாணத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை பார்த்தால் 28. சூட்டில் இறக்கிய காற்றை ஆறியபின் திரும்ப ஏற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஏறக்குறைய 6 டிகிரி சூடு மாறினால் 1 பி.எஸ்.ஐ. மாறும் என்று இப்போது மனப்பாடம்.

போலோ_மாமா

எனக்கும் இப்படி ஒருமுறை ஆனது. ஒரு கடையில் அலைன்மென்ட் செய்து வெளியே வந்தால், வண்டி நேரே போகும்போது ஸ்டீயரிங் பத்து மணி காட்டுகிறது. திரும்பப் போய்ச் சண்டை போட்டுச் சரி செய்தேன். சரி, அது போகட்டும்.

எல்லாரும் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். புஷ் (ரப்பர் உறை), பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு), டை ராட் எண்ட் (ராக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை) இவற்றைப் பார்க்காமல் அலைன்மென்ட் செய்வது, ஆடுகிற கட்டிலுக்கு மெத்தை மாற்றுவது மாதிரி. ஜாக்கி போட்டு வீலைத் தூக்குங்கள். 3 மணி, 9 மணி இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் டை ராட் அல்லது ராக் எண்ட். 12, 6 இடத்தில் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் கிழிந்திருந்தால் பிரேக் போடும்போது டோ தானே மாறும், நின்ற வண்டியில் எந்த மெஷினும் அதைக் காட்டாது.

அடுத்து, கடையையே நம்ப வேண்டாம். வீட்டிலேயே நூல் கட்டிப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் வண்டிக்கு இணையாக மீன்பிடி நரம்பைச் சக்கர நடு உயரத்தில் கட்டுங்கள். முன்னும் பின்னும் சக்கர இடைவெளி ஒரே அளவாக இருக்காது, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். முன் சக்கரத்துக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் தாள், நடுவில் கிரீஸ். அப்போதுதான் டயர் தன் இடத்தில் வந்து உட்காரும். ரிம்மின் முன் ஓரம், பின் ஓரம், இரண்டிலிருந்தும் நரம்புக்கு ஸ்கேல் வைத்து அளங்கள். நீங்கள் ரிம்மில் அளக்கிற மி.மீ.யும் டயரில் அளக்கிற மி.மீ.யும் ஒன்றல்ல, எதில் அளந்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்காதீர்கள், காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். வீல் போல்ட்டைக் காலால் ஏறி மிதித்து முறுக்காதீர்கள், என் போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சு வாங்கி வையுங்கள். டிராக்கில் முதல் செஷன் முடிந்ததும் போல்ட் முறுக்கை ஒருமுறை பாருங்கள். பூ 1.6 மி.மீ. வந்தால் சட்டப்படி டயர் முடிந்தது, மழைக்கு அதற்கு முன்னாலேயே முடிந்தது. அப்புறம் ஹேண்ட் பிரேக்…

கோணல்மானி

மாமா, யாரும் கேட்கவில்லையே. உங்கள் பத்து மணி ஸ்டீயரிங் கதையை ஒழுங்காகச் சொல்லுங்கள், அதுதான் இங்கே தலைப்பு.

போலோ_மாமா

கேட்டால்தான் சொல்ல வேண்டுமா? ஒருத்தர் விரலில் கம்பி குத்திய பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்.

கிள்ளான்_மைவி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். மாமா மழையைச் சொன்னதும் வயிறு கலங்கிவிட்டது.

செபாங் டிராக் 5.5 கி.மீ., நீண்ட நேர்ப்பாதை இரண்டு. என் சின்னக் கார் மைவி அங்கே மூச்சு வாங்கும், ஆனால் வளைவில் யாருக்கும் சளைக்காது, ஏனென்றால் காலில் செமி ஸ்லிக், பூவில் பள்ளம் குறைவான டிராக் டயர். தனியாக இன்னொரு செட் ரிம் வாங்கக் காசில்லை. அதே டயரில் போய் அதே டயரில் வீட்டுக்கு வருவேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மழை வரும் என்று இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நான் இன்னும் ஒரு செஷன், இன்னும் ஒரு செஷன் என்று இருந்துவிட்டேன்.

நெடுஞ்சாலையில் 90. சாலையில் விரற்கடை தண்ணீர் கூட இல்லை. ஸ்டீயரிங் திடீரென்று கையில் எடையே இல்லாமல் ஆனது. வீடியோ கேம் ஸ்டீயரிங் மாதிரி. இன்ஜின் சத்தம் மட்டும் ஒரு கணம் ஏறி இறங்கியது. பிரேக்கைத் தொடவில்லை, தொடக்கூடாது என்ற அறிவினால் அல்ல, கால் அசையவில்லை. இரண்டு வினாடி இருக்கலாம். பிறகு முன் சக்கரம் தரையைப் பிடித்தபோது ஒரு உதறல். டோ அவுட் வேறு இருந்ததால் இடது பக்கம் ஒரு இழுப்பு, வலது பக்கம் ஒரு இழுப்பு. ஓய்விடத்தில் நிறுத்தி மழை விடும்வரை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சாலை நெரிசல் என்று சொன்னேன்.

பிட்_நம்பர்_2

நான் அலைன்மென்ட் கடையில் வேலை பார்ப்பவன், ஒன்பது வருடமாக. முதல் பதிவில் சொன்ன தம்பி செய்தது தப்புத்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள்.

எங்களுக்கு ஒரு வண்டிக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். டோவை மாற்றத் தளர்த்த வேண்டிய டை ராட் லாக் நட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தால் அதிலேயே பாதி நேரம் போய்விடும். ஸ்கிரீனில் ஒரு இடம் சிவப்பாக இருந்தாலும் கஸ்டமர் பில் கட்ட மாட்டார். லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறது, மாற்றினால்தான் சரியாகும் என்றால், "காசு பிடுங்கப் பார்க்கிறான்" என்பார். பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்க டோவைத் தவிர வேறெதையும் திருகவே முடியாது. பின்பக்கம் பீம் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே சட்டம்), திருக சுத்தமாக ஒன்றும் கிடையாது. இதைச் சொன்னால் நம்புகிறவர் பத்தில் ஒருவர். பச்சை கேட்கிறார்கள், பச்சை கொடுக்கப் பழகிவிட்டார்கள் பையன்கள். மாடலுக்கு மாடல் கம்பெனி அளவு வேறு, சில முன்வீல் டிரைவ் காருக்கு லேசான டோ அவுட்டே கம்பெனி அளவு. தேடினால் ஏதோ ஒன்று பொருந்தும். நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஸ்டீயரிங் நேராக லாக் போட்டிருக்கிறார்களா, சக்கரத்தில் அளவுக் கருவியின் கிளாம்ப் மாட்டியபின் வண்டியை உருட்டி ரன் அவுட் (ரிம், கிளாம்ப் கோணலால் வரும் பிழை) எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

என் அனுபவம் ஒன்று. இரண்டு வருடம் முன்னால் ஒருத்தர் வந்தார். டிக்கியைத் திறந்து 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை இறக்கினார். கடை மாறி வந்துவிட்டார் என்று நினைத்தோம். இரண்டை டிரைவர் சீட்டிலும் ஒன்றைப் பெடல் பக்கமும் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார்! "நான் 75 கிலோ. நான் உட்கார்ந்தா வண்டி எப்படி நிக்குமோ அப்படி இருக்கும்போது அளங்க." சிரித்துக்கொண்டேதான் அளந்தோம். மூட்டை இல்லாமல் ஒருமுறை, மூட்டையோடு ஒருமுறை. வலது முன் கேம்பர் ஸ்கிரீனில் நகர்ந்தது, டோவும் நகர்ந்தது. எங்கள் மேஸ்திரி சிரிப்பதை நிறுத்திவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து இன்னொருமுறை மூட்டையை எடுக்கச் சொன்னார்.

நெல்லை_ஸ்விஃப்ட்

கோணல்மானி, நீங்கள் கேட்டதும் இன்று காலையில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இரண்டு டை ராட் லாக் நட்டின் மேலும் டிராக் டேவுக்கு முன்னால் நானே போட்ட மஞ்சள் பெயின்ட் கோடு, ஒரு மயிரிழை கூட விலகாமல் நேராக இருக்கிறது. ஸ்பேனரே வைக்கவில்லை. பிரிண்ட் அவுட்டை எடுத்துப் பார்த்தால் வண்டி எண் என்னுடையது, மாடல் பெயர் ஒரு டீசல் செடான்.

புது டயர் இரண்டு போட்டாயிற்று. போல்ட்டைத் திரும்ப மாட்டி 1.25 டிகிரியில் நிறுத்தலாம் என்று இருக்கிறேன், டோ ஜீரோ. பிட் நம்பர் 2, உங்கள் கடை எந்த ஊர் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். சனிக்கிழமை மூட்டையோடு வருகிறேன். நான் 82 கிலோ.

பிட்_நம்பர்_2

வாங்க சார். பச்சரிசி மட்டும் வேண்டாம்.