காம்பவுண்டைத் தாண்டிய கிளை: வெட்டலாம் சரி, வெட்டியது யாருக்கு?

இமாம்பசந்து எழுதியது:

நம் மன்றத்தின் வீட்டுமனைப் பகுதியில் மொட்டைமாடி என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "காம்பவுண்டைத் தாண்டி என் பக்கம் வந்த கிளை எனக்குச் சொந்தம். வெட்டுவேன், காயைப் பறிப்பேன், விறகை விற்பேன். யாரையும் கேட்கத் தேவையில்லை, சட்டமே அப்படித்தான்." எந்தச் சட்டம் என்று ஒருவர் கேட்டதற்கு இதுவரை பதில் காணோம்.

நான் சேலம். வீட்டின் பின்புறம் என் மாமனார் வைத்த மாமரம் நிற்கிறது. அப்போது பக்கத்து மனை காலி. பிறகு அதை வாங்கி வீடு கட்டியவருக்குக் கிளை இடைஞ்சலாம். சரி, இடைஞ்சலென்றால் வெட்டட்டும். ஆனால் அவர் சித்திரை மாதத்தில், காய் முற்றி நிற்கும்போது வெட்டினார். வெட்டியதோடு நிற்காமல் காயை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டார். கேட்டதற்கு மொட்டைமாடி சொன்ன அதே வசனம்.

எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லை தாண்டிய கிளையை, மரத்துக்காரன் நிலத்தில் கால் வைக்காமல், எல்லை வரைக்கும் வெட்டலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை லெம்மன் எதிர் வெப் வழக்கில் சொன்னது அது, 1895-இல் வெளியான தீர்ப்பு. ஆனால் வெட்டிய பிறகும் கிளையும் காயும் மரத்துக்காரனுடையதுதான். 1919-இல் மில்ஸ் எதிர் புரூக்கர் வழக்கில், தன் பக்கம் தொங்கிய ஆப்பிளைப் பறித்து விற்றவர் மரத்துக்காரருக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது. வெட்டும் உரிமை வேறு, வைத்துக்கொள்ளும் உரிமை வேறு.

மொட்டைமாடி எழுதியது:

என் பெயரை இழுத்துத் தனித் திரியே தொடங்கியாயிற்றா? நன்றி. லண்டனில் ஆப்பிளுக்குச் சொன்ன தீர்ப்பு சேலத்து மாங்காய்க்கு எப்படி ஐயா செல்லும்?

இன்னொன்று. கிளை உங்களுடையது, காய் உங்களுடையது. அப்படியானால் என் மாடியில் கொட்டும் சருகும் உங்களுடையதுதானே? தினமும் காலையில் வந்து கூட்டிவிட்டுப் போங்கள். மழைநீர்க் குழாய் அடைத்து மாடியில் தண்ணீர் தேங்குகிறதே, அந்தத் தண்ணீரையும் சேலத்துக்கு எடுத்துப் போங்கள். காய் வேண்டும், சருகு வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்?

பழைய சர்வேயர் எழுதியது:

இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. அடிமரம் எங்கே நிற்கிறது? ஒருவர் மனைக்குள் நின்று கிளை மட்டும் தாண்டினால் ஒரு கதை. அடிமரமே எல்லைக்கோட்டின் மேல் நின்றால் அது இருவருக்கும் பொது, ஒருவர் மட்டும் முடிவெடுத்து வெட்ட முடியாது. 'எல்லை மரம்' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். காம்பவுண்டு சுவரை எல்லை என்று நம்பாதீர்கள். என் பணிக்காலத்தில் பார்த்த சுவர்களில் பல, எஃப்.எம்.பி. என்ற அரசு நில அளவை வரைபடத்தின் கோட்டில் நிற்கவில்லை.

இமாம்பசந்து எழுதியது:

சர்வேயர் ஐயா, அடிமரம் என் மனைக்குள்தான். அது பிரச்சினையே இல்லை.

மொட்டைமாடி, சட்டம் தெரியாதபோது சருகைப் பேசுவது சுலபம். வெள்ளைக்காரன் விட்டுப்போன பொதுச்சட்டத்தைத்தான் இந்த விஷயத்தில் நம் நீதிமன்றங்களும் எடுத்துக்கொள்கின்றன. லண்டன் வேண்டாம் என்றால் நம் ஊருக்கே வாருங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 378, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 303, திருட்டுப் பிரிவு. அதில் கொடுத்திருக்கும் முதல் உதாரணமே மரம்தான். அடுத்தவன் நிலத்து மரத்தைக் கொண்டுபோகும் கெட்ட எண்ணத்தோடு, அவன் சம்மதமில்லாமல் வெட்டினால், வெட்டிய கணமே திருட்டு. காய் யாருக்கு? மரத்துக்காரனுக்கு.

மொட்டைமாடி எழுதியது:

நீங்களே எழுதியதைப் படியுங்கள், "அடுத்தவன் நிலத்து மரம்". நான் வெட்டுவது என் நிலத்தின் மேல். எனக்கே உரிமை இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்ட கிளையை வெட்டினால் கெட்ட எண்ணம் எங்கிருந்து வந்தது? காய் என் பக்கம், காய் எனக்கு.

டோர்ட்முண்ட் தம்பி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது ஜெர்மனியில். இங்கே இதற்கென்றே சிவில் சட்டத் தொகுப்பில் பிரிவுகள் இருக்கின்றன. 910-ஆம் பிரிவின்படி, தாண்டிய கிளையை வெட்டச் சொல்லி மரத்துக்காரருக்கு நியாயமான தவணை, அதாவது கால அவகாசம், கொடுக்க வேண்டும். அவர் வெட்டாவிட்டால் நீங்கள் வெட்டி, வெட்டியதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கிளையால் உங்கள் நிலத்தின் பயன்பாட்டுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் அந்த உரிமையே கிடையாது. 911-இன்படி தானாக விழுந்த பழம், விழுந்த காணிக்காரருக்கு. உலுப்பி விழுத்தக்கூடாது. அடிமரம் எல்லையிலேயே நின்றால் 923: பழம் ஆளுக்குப் பாதி, வெட்டினால் மரமும் பாதி.

மொட்டைமாடி எழுதியது:

பார்த்தீர்களா! வெட்டியதை வைத்துக்கொள்ளலாம்! தம்பி வாழ்க. இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

இமாம்பசந்து எழுதியது:

டோர்ட்முண்ட் சட்டம் சேலத்துக்கு எப்படிச் செல்லும்?

மொட்டைமாடி எழுதியது:

லண்டன் ஆப்பிள் வந்த வழியாகத்தான்.

இமாம்பசந்து எழுதியது:

இங்கிலாந்து வழி நம் நீதிமன்றங்களுக்குள் வந்தது. ஜெர்மனி வழி வரவில்லை. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் சட்டம் பேச வந்துவிட்டீர்கள். தம்பி எழுதியதிலும் பாதியைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். தவணை கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாரே, என் பக்கத்து வீட்டுக்காரர் தவணை கொடுத்தாரா? உலுப்பக்கூடாது என்கிறாரே, இவர் அரிவாளோடு அல்லவா ஏறினார்? போர்வெல் விவாதத்திலும் நீங்கள் இதையேதான் செய்தீர்கள். வேண்டிய வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டீர்கள். காய் யாருக்கு என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

கோமதி நெல்லை எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பக்கத்து வீட்டு அரசமரத்தின் வேர் எங்கள் சுற்றுச்சுவருக்குள் புகுந்து சுவர் பிளந்திருக்கிறது. அரசமரம் என்பதால் வெட்டப் பயப்படுகிறார்கள். எங்களுக்கும் கை வரவில்லை. வேரை நாங்கள் வெட்டலாமா? வெட்டி மரம் சாய்ந்தால் யார் பொறுப்பு?

முருங்கைக்காடு எழுதியது:

அம்மா, அரசமரம் மனைக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. முருங்கையும் வாசலில் ஆகாது.

கோமதி நெல்லை எழுதியது:

பெயரையே முருங்கைக்காடு என்று வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறீர்களே ஐயா. எங்கள் வாசலில் முருங்கை நிற்கிறது, தெருவே பறித்துக்கொண்டு போகிறது. ஒரு குறையும் இல்லை.

முருங்கைக்காடு எழுதியது:

தோட்டத்தில் வைக்கலாம், வாசலில்தான் ஆகாது என்றேன். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடைவதைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் காரணம் இல்லாமலா சொன்னார்கள்? காற்றுக்கு முதலில் ஒடிவதும் அதுதான்.

மொட்டைமாடி எழுதியது:

காற்று என்றதும் எனக்கு ஞாபகம் வருகிறது. நான் தாம்பரம் பக்கம். 2016 டிசம்பர் வர்தா புயலில் பக்கத்து வீட்டு வாகை முறிந்து என் தண்ணீர்த் தொட்டியின் மேல் விழுந்தது. தொட்டி போயிற்று, கைப்பிடிச் சுவரும் போயிற்று. இழப்பீடு கேட்டேன். "இயற்கைச் சீற்றம், நான் என்ன செய்வேன்" என்றார் மரத்துக்காரர். முறிந்த கட்டையை அறுத்து எடுக்க ஆள் கூலியும் நான்தான் கொடுத்தேன். அந்தக் கட்டையை எடுத்துப் போக அவர் வரவில்லையே! காய் காய்த்தால் மரத்துக்காரனுக்கு, முறிந்து விழுந்தால் கடவுளுக்கு. இந்தக் கணக்கை இமாம்பசந்து ஐயா சட்டத்தில் எந்தப் பிரிவில் படித்தார்?

பழைய சர்வேயர் எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் அந்த வாகை சாய்ந்தோ உளுத்தோ இருக்கிறது என்று புயலுக்கு முன்னால் எழுதிக் கொடுத்தீர்களா? "உங்கள் மரம் ஆபத்தாக நிற்கிறது, கிளையைக் கழிக்கவும்" என்று தேதி போட்டு, ஒப்புகையோடு தபாலில் அனுப்பிய கடிதம் இருந்தால், இயற்கைச் சீற்றம் என்று கைவிரிப்பது அவருக்கு அவ்வளவு சுலபமில்லை. தெரிந்தும் சும்மா இருந்தார் என்று காட்டலாம். விழும் நிலையில் உள்ள மரம் என்றால் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுக்க வழி இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ தெருவில் போகிறவர்களுக்கோ விழுந்து காயம் உண்டாகும் என்றால், மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ அவர் உத்தரவிடலாம்.

கோமதி அம்மா, தாண்டி வந்த வேருக்கும் கிளைக்கும் ஒரே சட்டம்தான். உங்கள் பக்கத்தில் வெட்டலாம். ஆனால் தாங்கு வேரை வெட்டி மரம் சாய்ந்தால் வம்பு உங்கள் தலையில். முதலில் எழுதிக் கொடுங்கள், படம் எடுத்து வையுங்கள். அடிமரம் சுவரிலிருந்து எவ்வளவு தூரம்?

இமாம்பசந்து எழுதியது:

மொட்டைமாடி, உங்கள் தொட்டி உடைந்ததற்கு வருத்தப்படுகிறேன். அதற்காகத் தாம்பரத்து வாகையின் கோபத்தைச் சேலத்து மாமரத்தின் மேல் காட்டுவீர்களா? உங்களுக்கு நஷ்டம் என்றால் அவர்மேல் சிவில் வழக்கு போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டுவிட்டு, ஊரில் உள்ள மரத்துக்காரன் எல்லாரையும் திட்டுகிறீர்கள்.

மரம் தெரிந்தவன் சித்திரையில் கை வைக்க மாட்டான். மாவுக்குக் கவாத்து அறுவடை முடிந்த பிறகுதான். ஆடி, ஆவணியில் கழித்துவிட்டால் புதுத்தளிர் விட்டு முற்றி, மார்கழி, தையில் அந்த நுனியில்தான் பூ வரும். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் நானே ஆள் வைத்துக் கழித்துக் கொடுத்திருப்பேன். ஒரு பக்கம் மட்டும் மொட்டையடித்ததில் பாரம் முழுக்க என் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. நாளைக்குக் காற்றடித்து என் கூரையில் விழுந்தால் அதை யார் தருவது? இத்தனையும் செய்துவிட்டுக் காயையும் எடுத்துக்கொண்டார். அதைத்தான் கேட்கிறேன், காய் யாருக்கு?

ஊட்டிப் பனி எழுதியது:

நீங்கள் எல்லாரும் சமவெளிக்காரர்கள், அதனால்தான் ஆளுக்கு ஒரு அரிவாளோடு பேசுகிறீர்கள். நீலகிரியில் நம் பட்டா நிலத்தில் நம் கையால் வைத்த மரத்தையே அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம். கொடைக்கானலிலும் இதுதான். காய் யாருக்கு என்பதெல்லாம் அப்புறம்.

மொட்டைமாடி எழுதியது:

கீழேயும் பசுமைக் குழு என்று ஒன்று வந்துவிட்டதே. அப்படியென்றால் இமாம்பசந்து தன் மரத்தைக் கழிக்கவே கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டுமோ?

பழைய சர்வேயர் எழுதியது:

இல்லை. மாவட்டப் பசுமைக் குழு பார்ப்பது அரசு நிலத்து, பொது இடத்து மரங்களை. பட்டா மனைக்குள் நிற்கும் மாமரத்துக்கு அது வராது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், மரம் நிற்பது பட்டா மனையிலா, எல்லைக்கோட்டிலா, தெருப் புறம்போக்கிலா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. இமாம்பசந்து ஐயா, உங்கள் மனையைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்?

இமாம்பசந்து எழுதியது:

என் மாமனார் காலத்திலிருந்து வேலி அங்கேதான் இருக்கிறது. அதே இடத்தில்தான் சுவர் வைத்தோம்.

பழைய சர்வேயர் எழுதியது:

நான் கேட்டது வேலியை இல்லை. அளந்தீர்களா?

மொட்டைமாடி எழுதியது:

ஆஹா. அளக்கவே இல்லை! மரமே பக்கத்து வீட்டுக்காரர் மனையில் நிற்கலாம். அப்படியானால் இத்தனை வருடமாகக் காயைத் தின்றது யார் ஐயா?

இமாம்பசந்து எழுதியது:

எங்கள் குடும்பத்தைத் திருடர் என்கிறீர்களா? வார்த்தையை அளந்து பேசுங்கள். நிர்வாகி இதைக் கவனிக்க வேண்டும். மரம் நின்றதற்குப் பிறகு வந்தவர் அவர். மரத்தைப் பார்த்துத்தான் மனை வாங்கினார். வாங்கும்போது நிழல் இனித்தது, கட்டிய பிறகு கிளை கசந்தது.

டோர்ட்முண்ட் தம்பி எழுதியது:

அண்ணை, முதல் வந்தது மரம் என்பதால் தாண்டி வளரும் உரிமை வராது. நீங்கள் சொன்ன அந்த 1895 வழக்கில் இருந்ததும் பழைய மரங்கள்தானே? எவ்வளவு காலம் தொங்கினாலும் தொங்கும் உரிமை கிடைக்காது என்றுதானே அதில் வந்தது?

இமாம்பசந்து எழுதியது:

தாண்டும் உரிமையை நான் கேட்கவில்லை தம்பி. முதல் பதிவிலேயே வெட்டட்டும் என்று எழுதிவிட்டேன். யாரும் அதைப் படிக்கவில்லை. நான் கேட்பது காய். வெட்டிப்போட்ட காய். அதை என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தால் இந்தத் திரியே கிடையாது.

கோமதி நெல்லை எழுதியது:

சர்வேயர் ஐயா, அடிமரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையத்தான் இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் யாருடையது என்பதிலேயே எங்களுக்குள் பேச்சு இருக்கிறது.

மொட்டைமாடி எழுதியது:

இமாம்பசந்து, அவ்வளவு நிச்சயமாக இருந்தால் தாலுகா ஆபீசில் பணம் கட்டி அளந்துவிட்டு வாருங்கள். அளக்கப் பயமாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இமாம்பசந்து எழுதியது:

எனக்கு என்ன பயம்? பணம் கட்டுகிறேன். சர்வேயர் வந்து கல் போடட்டும். கல் என் பக்கம் காட்டினால், அடுத்த காய்ப்புக்கு முன்னால் தடையாணை வாங்குவேன், போன வருடத்துக் காயின் விலையையும் கேட்பேன். நீங்கள் இதே திரியில் வந்து "காய் மரத்துக்காரனுக்கு" என்று எழுத வேண்டும். எழுதுவீர்களா?

மொட்டைமாடி எழுதியது:

கல் எந்தப் பக்கம் விழுந்தாலும் என் மாடிக்கு வந்த காய் எனக்குத்தான்.