மறு: ஹாட் சாஸ், சால்சா: 'காரச்சாறு' வேண்டாம், சொட்டுக்காரம், தொடுகாரம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வாரமாக இந்த இழையில் வந்த மடல்களை இன்று காலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். புட்டியில் வரும் ஹாட் சாஸ், கிண்ணத்தில் வைக்கும் மெக்சிகோ சால்சா இரண்டுக்கும் தமிழ்ப் பெயராகக் 'காரச்சாறு' என்று வைத்துவிடலாம் என்ற பக்கமே ஆதரவு கூடிவருகிறது. நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் என் மறுப்பையும் மாற்று முன்மொழிவையும் பதிந்துவைக்க விரும்புகிறேன்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இதழின் சமையல் பக்கத்துக்காக முட்டைக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்தேன். மூலத்தில் ஹாட் சாஸ் என்று இருந்த இடத்தில் 'காரச் சட்னி' என்று எழுதினேன். அளவு கொடுக்கப்படவில்லை, அந்த ஊர் வாசகருக்கு அது தேவைப்படவும் இல்லை. நம் வாசகி ஒருவர் என் சொல்லை நம்பி, சட்னி போடுவதுபோல இரண்டு கரண்டி ஊற்றிவிட்டார். பிள்ளைகளால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை என்று கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். பிழை அவருடையது அன்று. சட்னி என்றால் கரண்டியால் எடுப்பது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததற்கு மாறான பொருளை நான் அந்தப் பெயரில் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் நிலை இதுதான்: இவ்விரண்டுக்கும் நாம் வைக்கும் பெயர், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதைக் கை எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும்.

முதலில் புட்டியில் வருவதைப் பார்ப்போம். டபாஸ்கோ என்ற ஹாட் சாஸை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் லூசியானாவில், அடியில் உப்புப் பாறை கிடக்கும் ஏவரி தீவில், எட்மண்ட் மெக்கில்லெனி 1868இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1870இல் காப்புரிமையும் பெற்றார். சேரும் பொருள்கள் மூன்றே: பழுத்த மிளகாய், உப்பு, வினிகர். மிளகாயை உப்போடு அரைத்து, ஓக் மரப் பீப்பாய்களில் அடைத்து, மூடியின் மேல் உப்பைக் கனமாகப் பரப்பி, மூன்று ஆண்டு வரை நொதிக்க விடுகிறார்கள். பிறகு வினிகர் கலந்து பல நாள் கிளறி, தோலையும் விதையையும் நீக்கி வடிக்கிறார்கள். வடித்து வருவது நீர்போல ஓடும். அதனால்தான் புட்டியின் கழுத்தில் துளை அவ்வளவு சிறியது. கவிழ்த்தாலும் கொட்டாது, உதறினால் சொட்டும். அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவின் மேல் மூன்று சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு மெல்லப் பரவி உள்ளே இறங்கும். வாயில் போட்டதும் முதலில் புளிப்பு மூக்குக்கு ஏறும். காரம் அதற்குப் பின்னரே நாக்கின் நடுவில் தெரியும். நான்காவது சொட்டு வேண்டுமா என்று யோசித்துத்தான் கை புட்டியைத் தொடும். அந்த வாசகி ஊற்றியது இதைத்தான், இரண்டு கரண்டி.

சால்சா அப்படி அன்று. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'சாஸ்' என்றே பொருள். சாஸ், சால்சா இரண்டும் 'உப்பிட்டது' என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஆனால் பண்டம் ஸ்பானியர்களுடையது அன்று. அவர்கள் மெக்சிகோவில் காலடி வைப்பதற்கு முன்பே நாவாட்டில் மொழி பேசிய மக்கள் மிளகாயும் தக்காளியும் அரைத்து 'மொல்லி' என்று தின்றுகொண்டிருந்தார்கள். வெண்ணெய்ப்பழத்தில் செய்வது 'அவாகமொல்லி'. அதுவே குவாகமோலே ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தே சகாகூன் என்ற துறவி அந்த மக்களின் வாழ்க்கையை அவர்கள் மொழியிலேயே எழுதுவித்தபோது, சந்தையில் மொல்லி விற்றவர்களையும் விடாமல் பதிவுசெய்தார். அரைக்கும் கல்லுக்கு 'மொல்காகேத்தே' என்று பெயர். எரிமலைக் கல்லில் குடைந்த, மூன்று கால் உள்ள கிண்ணம். நம் அம்மியைக் கொத்திவிடுவதுபோலச் சொரசொரப்பாக இருக்கும்.

என்னிடம் அந்தக் கல் இல்லை. இஞ்சி பூண்டு இடிக்கும் சின்னக் கல்லுரலில்தான் செய்கிறேன். தோசைக்கல்லை எண்ணெய் விடாமல் காயவைத்து, நான்கு தக்காளி, ஆறு பச்சை மிளகாய், தோல் உரிக்காத நான்கு பூண்டுப் பல் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். மெக்சிகோவிலும் 'கோமால்' என்ற தட்டைக் கல்லில் இதையே செய்கிறார்கள். தக்காளித் தோல் கருகி வெடித்து, சாறு கல்லில் விழுந்து சீறும். மிளகாயின் நெடி வீடெங்கும் போகும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். உரலில் முதலில் கல்லுப்பும் பூண்டும், அடுத்து மிளகாய், கடைசியாகத் தக்காளி. கருகிய தோலை எடுத்துவிடாதீர்கள், சுவை அதில்தான் இருக்கிறது. மிக்சியில் போட்டால் நுரைத்து இளஞ்சிவப்பாகிவிடும். கல்லில் இடித்தால் விழுது பாதி, துண்டு பாதியாக நிற்கும். மேலே கொத்தமல்லித் தழை, பொடியாக அரிந்த வெங்காயம், எலுமிச்சை. மக்காச்சோள வறுவலோடு தொட்டுச் சாப்பிட, நாலு பேருக்கு ஒரு கிண்ணம் போதாது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

> காரச்சாறு – எளிது, எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் மேலே சொன்ன சால்சாவில் சாறு எங்கே இருக்கிறது? 'பீக்கோ தே காயோ' என்ற சால்சா வெறும் அரிந்த தக்காளி, வெங்காயம், மிளகாய். அதைச் சாறு என்றால் கேட்பவர் தட்டைப் பார்த்துத் திகைப்பார். 'காரக்குழம்பு' என்ற பரிந்துரையை மறுக்கக் காரணமே தேவையில்லை. அந்தப் பெயரில் வேறொன்று நம் வீடுகளில் வாரம் இருமுறை கொதிக்கிறது.

யாழ்ப்பாணத்து ஐயா அவர்கள் சால்சாவைச் 'சம்பல்' என்றே அழைக்கலாம் என்கிறார். இந்த இழையிலேயே என்னை அதிகம் தயங்கவைத்த பரிந்துரை அது. இடித்துச் செய்வது, கிண்ணத்தில் வைப்பது, உறைப்பும் புளிப்பும் எல்லாம் பொருந்துகின்றன. சம்பல் மலாய் மொழியிலிருந்து வந்து ஈழத் தமிழில் முழு உரிமை பெற்ற சொல். ஆனால் உரிமை பெற்றுவிட்டதே சிக்கல். சம்பல் என்றதும் அங்கே தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் கண் முன் வந்துவிடும். துவையலுக்கும் சட்னிக்கும் இதே கதிதான். தனக்கென்று ஒரு பண்டத்தை வைத்திருக்கும் பெயரை இன்னொன்றுக்குக் கொடுத்தால் இரண்டுமே மங்கும்.

காரத்தின் அளவைப் பெயரிலேயே காட்ட வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த அளவுகோலில் டபாஸ்கோ 2,500 முதல் 5,000 வரை. ஹபனேரோ மிளகாய் 1 லட்சம் முதல் 3.5 லட்சம் வரை. இத்தனை அகலத்தை ஒரு பெயரில் அடக்க இயலாது. அது புட்டியின் சீட்டில் எண்ணாக வரட்டும்.

என் முன்மொழிவு: ஹாட் சாஸுக்குச் சொட்டுக்காரம், சால்சாவுக்குத் தொடுகாரம்.

சொட்டு மருந்தும் சொட்டுநீர்ப் பாசனமும் சொட்டுநீலமும் நம் வீட்டுச் சொற்கள். சொட்டுநீலம் என்று கேட்டவுடன் வாளித் தண்ணீரில் எத்தனை விட வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? சொட்டுக்காரமும் அதையே செய்யும். தொடுகாரத்துக்குத் துணை, தொடுகறி என்ற பழைய சொல். 'தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?' என்று கேட்காத வீடு தமிழில் இல்லை. இலக்கணமும் உடன்வருகிறது: சொட்டு வன்றொடர்க் குற்றியலுகரம், ஆகவே 'க்' மிகும், தொடுகாரம் ஊறுகாய்போல வினைத்தொகை, ஆகவே மிகாது. தட்டச்சில் 'தொடுக்காரம்' என்று எழுதிவிடாதீர்கள்.

வரக்கூடிய மறுப்புகள் இரண்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். வேதியியலில் காரம் என்பது அமிலத்துக்கு எதிர்; வினிகர் கலந்த அமிலப் பண்டத்தைக் காரம் என்பதா? பாடநூலில் அந்தப் பொருள் இருக்கட்டும். 'இனிப்பு, காரம், காபி' என்று கேட்டவர் யாரும் சோடியம் ஹைட்ராக்சைடை எதிர்பார்த்ததில்லை. அடுத்து, மெக்சிகோவில் புட்டியில் இருப்பதும் கிண்ணத்தில் இருப்பதும் சால்சாதானே, நாம் ஏன் பிரிக்க வேண்டும்? உண்மைதான், குவாதலஹாராவில் செய்யும் வலென்தீனா என்ற ஹாட் சாஸ் புட்டியின் மேலும் 'சால்சா பிகாந்தே', அதாவது காரமான சால்சா, என்றே இருக்கிறது. அதனால்தான் இரண்டு சொற்களுக்கும் காரம் என்ற ஒரே தலையை வைத்தேன். உறவும் தெரியும், வேறுபாடும் தெரியும்.

வகைப் பெயர்களில்தான் ஒரு முடிச்சு விழுகிறது. பச்சை சால்சா என்று பொருள்படும் 'சால்சா வெர்தே'யைப் பச்சைத் தொடுகாரம் என்று எழுதினால், நிறம் பச்சையா, வேகவைக்காத பச்சையா? தமிழில் இரண்டும் ஒன்று. மெக்சிகோவில் இரண்டும் வேறு: வெர்தேயின் காயைப் பெரும்பாலும் அவித்தோ சுட்டோ அரைக்கிறார்கள், சமைக்காததற்குச் 'சால்சா க்ரூதா' என்று தனிப் பெயர் உண்டு. ஆகவே நிறத்தை விட்டுவிட்டுக் காயின் பெயரால் அழைப்போம். அந்தக் காய் தொமாத்தியோ. மேலே காகிதம்போல ஓர் உறை, உள்ளே புளிக்கும் பச்சைக் காய். நம் ஊர் வரப்பில் முளைக்கும் சொடக்குத் தக்காளியும் அதே பேரினம்தான். சிறு வயதில் அதன் உறையை நெற்றியில் அடித்து வெடித்தவர்கள் இந்தக் குழுவில் நிச்சயம் இருப்பீர்கள்.

இதைத் தேடியபோது கிடைத்த ஒன்றை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாவாட்டிலில் 'தொமாத்தில்' என்பது முதலில் இந்த உறைக் காய்க்கு உரிய பெயர். சிவப்புத் தக்காளிக்கு 'சிதொமாத்தில்' என்று ஒட்டுச் சேர்த்தார்கள். இன்றும் மெக்சிகோவின் நடுப்பகுதியில் தொமாத்தே என்றால் பச்சை, ஹிதொமாத்தே என்றால் சிவப்பு. தமிழிலும் தக்காளி என்ற பெயர் முன்பு இங்கிருந்த செடிக்கே உரியது. கடல் கடந்து வந்த சிவப்புப் பழத்தைச் சீமைத்தக்காளி என்றார்கள், பிறகு வந்தவர் பெயரை முழுதாக எடுத்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் அறியாத இரு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன. மிளகை நினைத்து மிளகாய் என்று பெயர் வைத்தவர்களும் இப்படித்தான் செய்தார்கள். ஆகவே, சால்சா வெர்தே: சீமைச் சொடக்குத் தக்காளித் தொடுகாரம். நீளம்தான், ஆனால் ஏமாற்றாது. அன்றாடப் பேச்சில் 'சொடக்குத் தொடுகாரம்' என்று சுருங்கிவிடும்.

மற்றவை எளிது. பீக்கோ தே காயோ, அரிந்த தொடுகாரம். கல்லில் கருக்கி இடித்தது, சுட்ட தொடுகாரம். வெராக்ரூஸ் பகுதியின் 'சால்சா மாச்சா', வறமிளகாயும் வேர்க்கடலையும் எள்ளும் பூண்டும் எண்ணெயில் பொரித்து அரைப்பது, எண்ணெய்த் தொடுகாரம். இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்துத் தொடுகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சிராச்சா என்ற மிளகாய்ச் சாஸில்தான் என் சொற்கள் தடுமாறுகின்றன. தாய்லாந்தின் சீ ராச்சா ஊரின் பெயரைத் தாங்கிய அது, அங்கே கடல் மீனுக்குக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளும் பண்டம். அமெரிக்காவில் 1980 முதல் ஹூய் ஃபாங் நிறுவனம் செய்வதோ கூர்முனைப் புட்டியிலிருந்து நூடுல்ஸ் மேல் பிழிவது. ஒரே பெயர், இரண்டு கைப்பழக்கம். 'பிழிகாரம்' என்று மூன்றாவது சொல் ஆக்கலாம், இலக்கணம் இடம்கொடுக்கிறது. எனக்கு அதில் இன்னும் மனம் ஒப்பவில்லை. ஊர்ப் பெயராகவே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. கோலாலம்பூர் அக்கா அவர்கள் அங்கே அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினால் முடிவுசெய்வோம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

'பீட்சாவின் மேல் ஐந்தாறு சொட்டுக்காரம் உதறிக்கொள்ளவும்.'

'மாங்காய்க் கீற்றுக்கு எலுமிச்சையும் சொட்டுக்காரமும் விட்டால் உப்பு குறைவாகப் போதும்.'

'சுட்ட மீனுடன் ஒரு கிண்ணம் தொடுகாரம் பரிமாறவும்.'

முதல் வாக்கியத்தில் 'சொட்டு' இருமுறை வர வேண்டியிருந்தது. 'ஐந்தாறு சொட்டு சொட்டுக்காரம்' என்பது நாக்கில் இடறியதால் ஒன்றை விட்டுவிட்டேன். பொருள் குறையவில்லை. சனிக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால், இரு சொற்களையும் பட்டியலில் ஏற்றுமாறு ஒருங்கிணைப்பாளர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.