தெற்கே நின்றது திரிசங்குதானா?

ராதாபுரம் மருமகன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மாமனார் வீட்டு மொட்டைமாடியில் இருந்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. தூரத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன. நேர் தெற்கே, அந்த வரிசைக்கு மேலே, நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நின்றது. தெற்குச் சிலுவை என்கிற திரிசங்கு இதுதான் என்று மகளிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். அவள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “பக்கத்தில் ரெண்டு பெரிய நட்சத்திரம் இருக்கணுமே, எங்கப்பா?” என்றாள். பதில் இல்லை. வலப்பக்கம் சற்றுக் கீழே பளிச்சென்று ஒன்றுதான் இருந்தது. அப்படியானால் நான் பார்த்தது என்ன?

உவரிக்காரன்:
பிள்ளை கேட்டதுதான் சரி. ஏப்ரல் நடுவில் எட்டு மணிக்குத் திரிசங்கு தென்கிழக்கில் சரிந்து படுத்துக் கிடக்கும்.

அம்பை வாத்தியார்:
நீங்கள் பார்த்தது போலிச் சிலுவை, திரிசங்கு மாதிரியே தோன்றும் வேறு நாலு நட்சத்திரம். ஏமாறாத ஆள் கிடையாது, நானும் ரெண்டு வருஷம் ஏமாந்தவன்தான். அது அளவில் பெரியது, ஒளி கம்மி. அசல் சிறியது, கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய மறைந்துவிடும். பத்து மணிக்கு மேல் பாருங்கள். அதன் இடப்பக்கம், கீழே, பிள்ளை கேட்ட அந்த ரெண்டு நட்சத்திரம், ஆல்ஃபா சென்டாரியும் பீட்டா சென்டாரியும், ஏறி வந்திருக்கும். ஆல்ஃபா நமக்கு நாலேகால் ஒளியாண்டுக்குச் சற்று அப்பால்தான்.

வலப்பக்கம் பளிச்சென்று இருந்தது அகத்தியர் நட்சத்திரம், அதாவது கனோபஸ். இரவு வானில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். எங்கள் ஊரில் மலை மறைப்பதால் அவர் சீக்கிரமே பொதிகைப் பக்கம் போய்விடுவார். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, கொடுத்துவைத்தவர்.

பைனாகுலர் இருந்தால் மே நடுவில், பத்து மணி வாக்கில் ஒமேகா சென்டாரி என்கிற நட்சத்திரக் கொத்தைத் தேடுங்கள். தெற்கே 34 பாகை உயரத்தில் நிற்கும். பஞ்சுத் துணுக்கு மாதிரி தெரிவது சுமார் ஒரு கோடி நட்சத்திரம். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவில் இருந்து வானியலாளர் ஹாலி அதைக் குறித்துவைத்தார். சாரல் மேகம் வருமுன் பார்த்துவிடுங்கள்.

ராதாபுரம் மருமகன்:
திரிசங்கை நேற்றே பார்த்தாயிற்று அண்ணாச்சி! பத்தேகாலுக்குத் தூங்கினவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். பக்கத்து நட்சத்திரம் ரெண்டும் இருந்தன. கண்ணைக் கசக்கிவிட்டு மூன்று விரலை நீட்டி அளந்தாள். “மறைஞ்சிட்டுப்பா” என்று சொல்லிவிட்டுத் தோளிலேயே தூங்கிவிட்டாள்.