இழை: கொலாஜும் கணினி ஓவியமும் சேர்ந்த சுவரொட்டி – சொல் தேவை

மொழிபெயர்ப்பவர்:
குழுவினருக்கு வணக்கம். வடிவமைப்பு மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கச்சேரிச் சுவரொட்டி பற்றிய பகுதியில் மாட்டிக்கொண்டேன். பழைய இதழ்களை வெட்டியும் கிழித்தும் கையால் ஒட்டிய கொலாஜை வருடியில் (ஸ்கேனரில்) ஏற்றி, அதோடு கணினியில் வரைந்த படத்தைச் சேர்க்கும் முறை அது. 'ஒட்டுப்படம்' என்று போட்டால் 'ஒட்டுப்படச் சுவரொட்டி' என்று வருகிறது. சுவரில் ஒட்டுவதா, படத்தில் ஒட்டுவதா? 'படத்தொகுப்பு' சினிமாக்காரர்களிடம் போய்விட்டது.

தமிழாசிரியர்:
தம்பி, வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? கலம்பகம் இருக்கிறதே. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருப்பள்ளியெழுச்சியில் 'கலம்பகம் புனைந்த அலங்கலந் தொடையல்' என்று வருவது பல பூக்கள் கலந்த மாலைதான். பின்னால் 18 உறுப்புக் கொண்ட சிற்றிலக்கியத்துக்கும் அதே பெயர். கலம் என்றால் 12, பகம் அதில் பாதி 6, ஆக 18 என்று கணக்குச் சொல்வாரும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கதம்பகம் என்பதே திரிந்தது என்பார் பக்கம் நான்.

அகராதித் தொகுப்பாளர்:
கதம்பம் வடசொல். அதன் திரிபு என்று நீங்களே சொன்ன பிறகு அது எப்படி ஐயா தமிழாகும்? பொருநராற்றுப்படையில் 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்' என்று வருகிறது. வேறு இழை புகுந்து தைத்த கந்தல். வேற்றுப் பொருள் வந்து சேர்வதுதானே கொலாஜ்? சிலப்பதிகாரத்தில் துன்னகாரரும், அதாவது தையற்காரரும், உண்டு. 'துன்னோவியம்' என்க. அப்புறம், 'கச்சேரி'யையும் எடுத்துவிடுங்கள்.

தமிழாசிரியர்:
அந்த வரிக்கு முந்தைய அடியையும் சேர்த்துப் படியுங்கள்: 'ஈரும் பேனும் இருந்திறை கூடி'. மாணவர்கள் தலையைச் சொறிவார்கள். தவிர, துன்னுவது ஊசி. இங்கே வேலை செய்வது பசை.

இலங்கை அன்பர்:
எங்களுக்குக் கச்சேரி என்றால் அரச செயலகம். அங்கே சுவரொட்டி ஒட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். 'இசை நிகழ்ச்சி' என்று போடுங்கோ.

சுவரொட்டி வடிவமைப்பவர்:
இந்த வேலையைச் செய்கிறவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. கலப்பு, கதம்பம் எல்லாம் எதையும் எதோடும் கலந்ததுபோல் தொனிக்கின்றன. இங்கே விஷயமே காகிதம்தான். பிரெஞ்சிலும் கொலே என்றால் ஒட்டுதல். 1912-இல் பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டினார். 1977-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைக்குழுவுக்கு ஜேமி ரீட் செய்தித்தாளில் வெட்டியதுபோன்ற எழுத்துகளைக் கொண்டு பெயர் அமைத்தார். நேர்த்தியாக இல்லாததுதான் அதன் வேகம்.

வருடியின் விளக்கு ஒரு பக்கமாக விழும்போது கிழித்த ஓரத்தில் மெல்லிய நிழல் தங்கும். அது போனால் எல்லாமே கணினியில் செய்ததுபோல் ஆகிவிடும். ஒரு துண்டைக் கணினியில் திருப்பினால் நிழலும் கூடவே திரும்பும், அப்போது வெளிச்சம் இரண்டு திசையிலிருந்து வருவதுபோல் இருக்கும். அதனால் துண்டுகளைத் திருப்பி அடுக்கும் வேலையை மேசையிலேயே முடித்துவிடுவேன். 9 × 12 அங்குலத்தில் ஒட்டி அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வருடினால், 18 × 24 அங்குலத்துக்குப் பெரிதாக்கினாலும் 300 நிற்கும். இதழில் அச்சான படம் ஏற்கெனவே புள்ளிப் புள்ளியாக இருக்கும், அதன்மேல் அச்சுக்கு இன்னொரு புள்ளித்திரை விழுந்தால் அலை அலையாகக் கோடுகள் கிளம்பும். அதையும் கவனிக்க வேண்டும். பிறகுதான் வரைவது. சில துண்டுகளுக்கு மேல் ஒரு அடுக்கு, சிலவற்றுக்குக் கீழே ஒரு அடுக்கு. மேல் அடுக்கை மென்பொருளில் 'மல்டிப்ளை' என்ற கலப்பு முறையில் வைத்தால் வெள்ளை மறைந்து, காகிதத்தின் இழையும் மடிப்பும் கோட்டுக்குள் தெரியும்.

ஆகவே பெயரில் 'ஒட்டு' இருந்தே தீர வேண்டும். 'ஒட்டோவியம்'? முழு முறைக்கும் 'கைக்கணினி ஓவியம்' என்றுகூடச் சொல்லலாம்.

வகுப்பு எடுப்பவர்:
கைக்கணினி என்றால் டேப்லெட் அக்கா! என் மாணவர்கள் எப்படியும் கொலாஜ் என்றுதான் சொல்லப்போகிறார்கள். பசை, பேப்பர் என்று சொல்லும் வாய்க்குக் கொலாஜ் மட்டும் கசக்குமா?

அகராதித் தொகுப்பாளர்:
சொல்லிக் கொடுக்காத வரை எல்லாமே கசக்கும். 'சுவரொட்டி' மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா?

இலங்கை அன்பர்:
ஒட்டோவியத்துக்கு என் வாக்கு. குறிலை மட்டும் கவனமாக அச்சடியுங்கோ. நெடிலாகப் போனால் எங்கட ஊரில் ஓட்டோவில் (உங்கள் ஆட்டோ) வரைந்த ஓவியமாகிவிடும்.

தமிழாசிரியர்:
ஒட்டு + ஓவியம், குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்திருக்கிறது, பிழையில்லை. கலம்பகம் போனதில் வருத்தம்தான். சரி, இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பவர்:
எல்லோருக்கும் நன்றி. கொலாஜுக்கு 'ஒட்டோவியம்', முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'கொலாஜ்'. முழு முறைக்கும் ஒற்றைச் சொல் அமையவில்லை, 'ஒட்டோவியத்தின்மேல் கணினி ஓவியம்' என்று விரித்தே எழுதிவிட்டேன். சுவரொட்டி சுவரொட்டியாகவே இருக்கிறது. 'இசை நிகழ்ச்சி'யும் போட்டாயிற்று.

அகராதித் தொகுப்பாளர்:
என் மறுப்பைப் பதிவு செய்க. துண்டுகளுக்குக் கீழேயும் அடுக்கு உண்டு என்று வடிவமைப்பவர் தெளிவாக எழுதியிருக்கிறார். நீங்கள் 'மேல்' என்கிறீர்கள். துன்னலில் மேல் கீழ் என்ற சிக்கலே இல்லை.

மொழிபெயர்ப்பவர்:
கோப்பை அனுப்பிவிட்டேன் ஐயா.