சிப்பி உயிர்ச்சுவடுகளில் வெள்ளையாகப் பூக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி
புத்தளம் பக்கத்து மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த சிப்பி, சங்கு, கடல் முள்ளெலி என்று 40 உயிர்ச்சுவடுகள் கொழும்பில் ஒரு பாடசாலைக் காட்சியறையில் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு முன் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் கண்ணாடி பொருத்திய புது அலுமாரிக்கு மாற்றினோம். இப்போது பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூக்கிறது. துடைத்தால் போகும், 10 நாளில் திரும்பவும் வரும். பூஞ்சணமா? வார்னிஷ் பூசலாமா?

பதில் 1
வார்னிஷ் வேண்டவே வேண்டாம், அமிலம் உள்ளேயே அடைபட்டுவிடும். அலுமாரியை ஓர் இரவு பூட்டிவைத்து, காலையில் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். வினாகிரி வாசம் வந்தால் இது பைன் (Byne) நோய். பெயரில்தான் நோய், கிருமி இல்லை. எம்.டி.எஃப் பலகை அசற்றிக்கமிலமும் போமிக்கமிலமும் விடும். சிப்பியிலுள்ள கல்சியம் காபனேற்று அதில் கரைந்து உப்பாகி மேலே பூக்கிறது. நீங்கள் துடைத்தெடுப்பது தூசியல்ல, சிப்பியின் மேற்பரப்பு. விலா வரிகள் போனால் இனம் பிரித்தறியவே முடியாது. இன்றைக்கே வெளியே எடுங்கள்.

பதில் 2
கடலுப்பும் இப்படிப் பூக்கும். கைவில்லையில் பாருங்கள்: மயிர் போல நீண்டிருந்தால் பைன், சின்னக் கனசதுரமாக இருந்தால் கடலுப்பு. பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஒரு துளி நைத்திரிக்கமிலமும் ஒரு துளி வெள்ளிநைத்திரேற்றும் விட்டால், கடலுப்பானால் தயிர் போலத் திரளும்.

இன்னொன்று, கண்ணாடி ஒட்டிய சிலிக்கனையும் கவனியுங்கள். வினாகிரி மணக்கிற வகை காயும்போது அதே அசற்றிக்கமிலத்தைத்தான் விடும். வாங்கும்போது 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்
வினாகிரி வாசமேதான், ஐயா. பூத்ததும் மயிர் போலத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் கழுவலாமா?

பதில் 3
எல்லாவற்றையும் கழுவாதீர்கள். கெட்டியான தனிச் சிப்பியை மென்தூரிகையால் தட்டி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று தடவை மாற்றி, நிழலில் உலர்த்துங்கள். களிமண் ஒட்டிய துண்டு நீரில் ஊதி வெடிக்கும், அதற்குத் தூரிகை மட்டும். பொன்னிறமாக மினுங்கும் பைரைற்று (இரும்புச் சல்பைட்டு) அமொனைற்று (சுருள் ஓட்டு உயிர்ச்சுவடு) இருந்தால் தண்ணீரே படக்கூடாது, ஈரத்தில் அதுவே கந்தக அமிலம் விடும். அதைத் தனிப்பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

புதுப் பெட்டிக்கு அலுமினியம், கண்ணாடி, கீழே பொலித்தீன் நுரை. பருத்திப்பஞ்சும் மரத்தட்டும் வேண்டாம். கொழும்புக் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேல், பெட்டிக்குள் 50க்குக் கீழே வரவேண்டும். சிலிக்கா ஜெல் ஈரத்தை மட்டும் இழுக்கும், அமில ஆவியை இழுக்கச் செயற்படுத்திய கரியும் பக்கத்தில் வையுங்கள். பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்தினால் ஈரப்பதன் ஏறி இறங்கும், அதற்கு ஏசி இல்லாமலே விடுவது நல்லது.

பெயர்த்துண்டுகளில் உள்ள இலக்கத்தைக் கழுவ முன் எழுதி வையுங்கள். எங்கே, எந்தப் பாறைப் படையில் கிடைத்தது என்பது தொலைந்தால் சிப்பி மட்டும்தான் மிஞ்சும்.