எலக்ட்ரானிக்ஸ் பாகங்களின் இருப்புப் பட்டியல்: பிரிண்ட் எடுத்தால் குளறுபடி (லிப்ரே ஆபீஸ் கால்க்)

சால்டர்_பிரியன்:
வணக்கம். சென்னை ரிச்சி தெருவில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்த பாகங்களைக் கால்க் விரிதாளில் பட்டியல் போட்டிருக்கிறேன். பாகம், மதிப்பு, பேக்கேஜ், டப்பா எண், இருப்பு, விலை, டேட்டாஷீட் இணைப்பு என ஏழு நெடுவரிசை. பிரிண்ட் எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டலாம் என்று பார்த்தால், விலையும் இணைப்பும் தனித் தாள்களில் போய் விழுகின்றன. தலைப்பு வரி முதல் பக்கத்தில் மட்டும்தான். அதைவிட மோசம், பேக்கேஜில் (பாகத்தின் அளவுக் குறியீடு) 0805 என்று அடித்தது 805 ஆகிவிட்டது. 4.7 ஓம் ரெசிஸ்டருக்கு 4இ7 (இ என்பது ஆங்கில E) என்று அடித்த இடத்தில் 4.00இ+07 நிற்கிறது. என்ன செய்யலாம்?

மூன்றாம்_கால்:
பக்கப் பிரச்சினை சுலபம். 'ஃபார்மட்' மெனுவில் 'பேஜ் ஸ்டைல்', அதில் 'ஷீட்' தாவல். ஸ்கேலிங்கில் அகலம், உயரத்துக்குப் பொருத்தும் வகையைத் தேர்ந்தெடுத்து, அகலம் 1 பக்கம் என்று கொடுங்கள். உயரத்தைக் காலியாக விடுங்கள். அதிலும் 1 போட்டால் மொத்தப் பட்டியலும் எறும்பு எழுத்தில் ஒரே தாளில் வந்துவிடும். தலைப்புக்கு 'ஃபார்மட்', 'பிரிண்ட் ரேஞ்சஸ்', 'எடிட்'. அங்கே திரும்ப வரவேண்டிய வரியாக முதல் வரியைக் காட்டுங்கள்.

அதற்கு முன் விலை, இணைப்பு இரண்டு நெடுவரிசையையும் மறைத்துவிடுங்கள். மறைத்தது அச்சில் வராது. கதவில் ஒட்டும் தாளில் டேட்டாஷீட் இணைப்பை யார் அழுத்தப் போகிறார்கள்?

ஓம்_விதி:
4இ7 விஷயம் நம் ஊர்ப் பழக்கத்தால் வந்த வினை. ஓமுக்கு இ எழுதுவது நமக்குச் சகஜம். கால்க்குக்கு அது 4 பெருக்கல் 10-இன் 7-ஆம் அடுக்கு, அதாவது நான்கு கோடி. எக்ஸெலும் இதையேதான் செய்யும். ரெசிஸ்டர் மதிப்பை எழுதும் ஐஇசி 60062 தர முறையில், புள்ளிக்குப் பதில் ஆர் (R) போட்டு 4ஆர்7 என்று அடித்தால் இரண்டுமே அதை எண்ணாக எடுக்காது. 4கே7 (4.7 கிலோ ஓம்), 2எம்2 (2.2 மெகா ஓம்) எல்லாம் அதே முறைதான்.

ஏற்கெனவே கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க அந்த நெடுவரிசையை ஏறுவரிசையில் அடுக்குங்கள். எண்ணாக மாறியவை எல்லாம் மேலே வந்து நிற்கும். 4.00இ+07 என்பதைப் பார்த்தே பழைய மதிப்பைப் படித்துவிடலாம். பேக்கேஜில் பூஜ்யம் போன வரிகளுக்குப் பக்கத்து நெடுவரிசையில் டெக்ஸ்ட் ஃபங்ஷனை '0000' வடிவத்தோடு போட்டு, விடையை மதிப்பாக மட்டும் திரும்ப ஒட்டுங்கள். செல்லை இப்போது டெக்ஸ்ட் (எழுத்து) வகை ஆக்கினால் போன பூஜ்யம் வராது. அடிப்பதற்கு முன்பே ஆக்கியிருக்க வேண்டும். சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போதும் அந்த நெடுவரிசைக்கு டெக்ஸ்ட் வகை கொடுக்க மறக்காதீர்கள்.

டயோடு_தம்பி:
அண்ணா, பேசாமல் இன்வென்ட்ரீ (InvenTree) என்ற இருப்பு மென்பொருளைப் போட்டுவிடுங்களேன்? இலவசம், லேபிள், ரிப்போர்ட் எல்லாம் அதிலேயே வரும்.

மூன்றாம்_கால்:
தம்பி, அது நல்ல மென்பொருள்தான். ஆனால் அதற்கு ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு அலமாரிக்கு அவ்வளவு வேண்டாம்.

சால்டர்_பிரியன்:
மிக்க நன்றி, அகலமும் தலைப்பும் சரியாகிவிட்டன. இன்னொன்று: மதிப்புப்படி அடுக்கினால் 10கே, 1கே, 220ஆர், 2கே2 என்று தாறுமாறாக வருகிறது.

ஓம்_விதி:
அவற்றை எழுத்தாகப் பார்த்து அடுக்குவதால் அப்படித்தான் வரும். ஓமில் வெறும் எண்ணாக இன்னொரு நெடுவரிசை வைத்து, அதை வைத்து அடுக்கிவிட்டு மறைத்துவிடுங்கள். ஃபார்முலா எழுதி மண்டையை உடைக்காதீர்கள். இ12 என்ற வழக்கமான ரெசிஸ்டர் மதிப்பு வரிசையில் (பத்து மடங்குக்கு 12 மதிப்புகள்) 10 ஓம் முதல் 1 மெகா ஓம் வரை மொத்தமே 61 மதிப்புகள், கையாலேயே அடித்துவிடலாம்.

ஆனால் கதவில் ஒட்டும் பட்டியல் என்றால் முதலில் டப்பா எண், அதற்குள் மதிப்பு என்று அடுக்குவதே என் வாக்கு. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சரிபார்க்க அதுதான் தோது. 'டேட்டா' மெனுவில் 'சப்டோட்டல்ஸ்' போய் டப்பா எண்ணைக் குழுவாகவும், இருப்பைக் கூட்டவேண்டியதாகவும் கொடுங்கள். அதன் ஆப்ஷன்ஸில் குழுக்களுக்கு இடையே பக்கம் பிரிக்கும் வசதி உண்டு. ஒரு டப்பாவுக்கு ஒரு தாள்.

சால்டர்_பிரியன்:
அருமை, வேலை செய்கிறது! ஆனால் ஐசி டப்பாவில் நான்கே வரி. அதற்கும் ஒரு முழு ஏ4 போகிறது.

மூன்றாம்_கால்:
அலமாரித் தட்டு எண் என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, டப்பாவுக்குப் பதில் அதையே குழுவாகக் கொடுங்கள். சின்ன டப்பாக்கள் எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும்.