மறு: ‘த்ரூ டிராஃபிக்’குக்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

லண்டனிலிருந்து:
வணக்கம். ‘லோ டிராஃபிக் நெய்பர்ஹுட்’ பற்றிக் கிழக்கு லண்டன் தமிழர்களுக்கான துண்டறிக்கை என் கையில் இருக்கிறது. ‘குறைபோக்குவரத்துப் பகுதி’ என்று எழுதிக் காட்டினேன், பஸ்ஸைக் குறைக்கப் போகிறார்களா என்று கேட்கிறார் அம்மா. போக்குவரத்து என்றால் பஸ், ரயில் எல்லாம்தானே. நிறுத்த நினைப்பது பெரிய சாலை நெரிசலுக்குத் தப்பி வீட்டுத் தெருவுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறும் வண்டிகளை மட்டும். ஆங்கிலத்தில் ‘த்ரூ டிராஃபிக்’ என்கிறார்கள், அதற்கு ஒரு சொல் வேண்டும்.

மதுரையிலிருந்து:
சொல் இருக்கிறது. அகநானூற்றுப் பாலைப் பாட்டுகளில் வழிப்போக்கர் வம்பலர். உரியியலில் தொல்காப்பியர் வம்பு நிலையின்மை என்கிறார். தங்காமல் கடந்து போகிறவன் வம்பலன், அவன் வண்டி வம்பூர்தி. இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் ஒட்ட வேண்டும்?

டொராண்டோவிலிருந்து:
ஐயா, இன்றைக்கு வம்பு என்றால் சண்டை. இந்தத் திட்டத்தால் 2020இல் லண்டனில் தெருவுக்குத் தெரு தகராறு நடந்தது, அதில் இந்தச் சொல்லையும் போட வேண்டாம். ஊடுகதிர் (எக்ஸ்ரே) மாதிரி ‘ஊடுபோக்கு’ என்றால் எங்கட சனத்துக்கு உடனே விளங்கும்.

கோவையிலிருந்து:
ஊடுபயிர் இடையில் நிற்பது, துளைத்து வெளியேறுவது இல்லையே. வினைத்தொகையாகப் பிரித்தால் ஊடலில் போய் நிற்கும்.

டொராண்டோவிலிருந்து:
பெயர்ச்சொல்லை ஏன் வினைத்தொகையாகப் பிரிக்கிறீர்கள்? ‘ஊடாக’ என்று தினமும் எழுதுகிறோம், அதில் யார் ஊடுகிறார்கள்?

சென்னையிலிருந்து:
சொல்லைவிடப் பொருள் முக்கியம். லண்டனின் வால்தம்ஸ்டோவில் 2015 வாக்கில் செய்ததைப் பாருங்கள்: தெருவின் ஒரு முனையில் செடித்தொட்டிகள், நடுவே சைக்கிளும் தள்ளுவண்டியும் நுழையும் இடைவெளி. காருக்கு அது முட்டுச்சந்து, நடப்பவருக்கு வழி. உள்ளே குடியிருப்பவர், சாமான் கொண்டுவருபவர் எல்லாரும் காரில் வரலாம், சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். சில இடங்களில் தொட்டிக்குப் பதில் கேமரா வைத்துப் பஸ்ஸை விடுகிறார்கள். 2017இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரம் ஒரே நாளில் செய்ததும் இதேதான், நகர்மையத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெளிச்சுற்றுச் சாலை வழியாகத்தான் காரில் போகலாம் என்றார்கள். ஆகவே ‘தெருவடைப்பு’ என்ற சொல் மட்டும் எங்கும் வரக்கூடாது, அதைப் படித்தால் ஆம்புலன்ஸ் வராது என்று வயதானவர்கள் பயந்துவிடுவார்கள். ‘தெருவைக் குறுக்குவழியாக்கும் வண்டிகள்’ என்று எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:
அது விளக்கம், கலைச்சொல் அல்ல. அட்டவணைத் தலைப்பில் எப்படிப் போடுவீர்கள்? வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள்.

கோவையிலிருந்து:
‘கடப்பு வண்டி’? ஏழே எழுத்து, இரண்டு சொல். ‘கடப்பு வண்டியை’, ‘கடப்பு வண்டிக்கு’, உருபு தடையில்லாமல் ஏறுகிறது.

டொராண்டோவிலிருந்து:
கடப்பு எழுத்துத் தமிழாக இருக்கிறது. ஆனாலும் சரி, எதிர்க்கவில்லை.

லண்டனிலிருந்து:
அனைவருக்கும் நன்றி. முதல் வரியில் சென்னை நண்பரின் தொடர், தலைப்பிலும் அட்டவணையிலும் ‘கடப்பு வண்டி’ என்று வைக்கிறேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், “நம்ம தெருவால ஓடித் தப்புற கார்தானே” என்றார். அப்புறம், அந்தச் செடித்தொட்டித் தடுப்புக்கு ‘மோடல் ஃபில்டர்’ என்கிறார்கள். ‘வடிகட்டி’ சரிவருமா?

மதுரையிலிருந்து:
கடப்பு வண்டியை நான் ஏற்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். ஃபில்டருக்கு நாளை எழுதுகிறேன், ‘வடி’ என்ற வேரிலிருந்து தொடங்க வேண்டும்.